உயிர் நீங்கிய எழுத்துகள்

தமிழ் இலக்கணம் எழுத்துகளுக்கு இட்ட பெயர்களை எண்ணிப் பார்க்குந்தோறும் வியப்பு மேலிடுகிறது. அ முதல் ஔ வரை பன்னிரண்டும் உயிர். க் முதல் ன் வரை பதினெட்டும் மெய். மெய் என்றால் உடம்பு. உயிர் கூடினாலன்றி உடம்பு இயங்காது. அவ்விரண்டும் கூடிப் பிறப்பன 216 உயிர்மெய். ஆய்தத்தையும் சேர்த்தால் 247. தனி மெய் தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாக வாராது என்றும் நம் இலக்கணம் விதித்துள்ளது. உயிரை விலக்கிவிட்டு ஒரு சொல்லைத் தொடங்கவும் நம் முன்னோர் ஒருப்படவில்லை.

இத்தகைய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நம் இல்லங்களில், உயிரெழுத்தே இல்லாமல் எழுதும் வழக்கம் இன்று புகுந்திருக்கிறது. ஆங்கிலச் சொற்களை உயிரின்றி எழுதப் பழகிய நம் பிள்ளைகள், தமிழையும் ஆங்கில எழுத்தில், உயிரின்றி எழுதத் தலைப்பட்டுள்ளனர். இவ்வழக்கம் எங்குத் தோன்றியது, எக்காரணத்தால் வளர்ந்தது, ஆங்கிலத்திற்குப் பொருந்துவது தமிழுக்கும் பொருந்துமா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகைச் சொற்கள்

ஆங்கிலத்தில் ஏ, இ, ஐ, ஓ, யு என்னும் ஐந்தும் உயிரெழுத்துகள். இவ்வைந்தில் ஒன்றும் இல்லாத சொற்கள் அம்மொழியில் இயல்பாகவே உண்டு. வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’, ஏன் என வினவும் ‘ஒய்’, தாளகதியைக் குறிக்கும் ‘ரிதம்’ ஆகியவை அத்தகையன. இவற்றில் ‘ஒய்’ என்னும் எழுத்து உயிரின் தொழிலைச் செய்கிறது. வேல்ஸ் நாட்டு மொழியிலிருந்து வந்த ‘கூம்’ என்றொரு சொல் உண்டு. மலையிடைக் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். சி, டபிள்யூ, எம் என்னும் மூன்றே எழுத்துகளால் அதனை எழுதுவர். அங்கே டபிள்யூ உயிராக நிற்கிறது. ஆகவே இச்சொற்களில் எழுத்து வேறாயினும் உயிரொலி நீங்கவில்லை.

மற்றொரு வகை, உயிரெழுத்துகள் இருந்தும் வேண்டுமென்றே நீக்கப்பட்ட சுருக்கங்கள். லிமிடெட் என்பதை எல், டி, டி என்றும், பிளீஸ் என்பதை பி, எல், எஸ் என்றும் எழுதுவது இவ்வகை. வரலாற்றுச் சுவை மிக்கது இவ்விரண்டாம் வகையே.

தொன்மை வரலாறு

உயிரை விடுத்து மெய்யை மட்டும் எழுதுதல் ஆங்கிலேயர் கண்டுபிடித்ததன்று. மேற்காசியாவின் பினீசியர் மூவாயிரம் ஆண்டுகட்கு முன்னர் 22 எழுத்துகளைக் கொண்டு எழுதினர். அவை யாவும் மெய்யெழுத்துகளே. எபிரேயமும் அரபியும் அம்மரபில் வந்தவை. அம்மொழிகளில் ஒரு சொல்லின் வேர்ப்பொருள் பெரும்பாலும் மூன்று மெய்களில் அமைந்து கிடக்கிறது. க், த், ப் என்னும் மூன்று மெய்கள் அரபியில் எழுதுதலைக் குறிப்பன. ‘கிதாப்’ என்றால் நூல். ‘காதிப்’ என்றால் எழுதுபவர். வேர் மெய்யில் இருப்பதால், மொழியறிந்தவர் இடம் நோக்கி உயிரைத் தாமே சேர்த்துப் படித்துக்கொண்டனர்.

ஆனால் அறிந்தவர் வாய்மொழி அற்றுப்போனால் என்னாகும்? அதற்குச் சான்று பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. எபிரேயர் இறைவன் திருப்பெயரை நான்கு மெய்யெழுத்துகளால் எழுதினர். பக்தி மிகுதியால் அப்பெயரை உச்சரிக்க அஞ்சி, அது வருமிடங்களில் ‘ஆண்டவர்’ எனப் பொருள்படும் ‘அதோனாய்’ என்னும் சொல்லைச் சொல்லி வந்தனர். பற்பல தலைமுறைகள் கடந்தன. எழுத்து நான்கும் ஏட்டில் அப்படியே நின்றன. அவற்றிற்குரிய உயிரொலிகளோ வழக்கொழிந்தன. கிறித்து பிறந்த ஏழாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை திபேரியா நகர் முதலிய இடங்களில் வாழ்ந்த எபிரேய அறிஞர்கள் மறைநூலுக்கு உயிர்க்குறிகள் இட்டபோது, அந்நான்கெழுத்துடன் அதோனாய் என்னும் சொல்லின் உயிர்க்குறிகளையே சேர்த்தனர். அதோனாய் எனப் படிக்கவேண்டும் என்பதற்கு அஃது ஓர் அடையாளம். பிற்காலத்து ஐரோப்பியர் அதனை உணராமல் இரண்டையும் கலந்து படித்தமையால் ‘யெகோவா’ என்னும் வடிவம் பிறந்தது. ‘யாவே’ என்பதே பழைய ஒலியாகலாம் என இன்றைய அறிஞர் பலர் கருதுவர். ஒரு சமுதாயம் தன் உயிரினும் மேலாகப் போற்றிய பெயரின் ஒலியே, வாய் மறந்தமையால் ஆராய்ச்சிக்குரிய பொருளாகிவிட்டது.

கிரேக்கர் பினீசியரின் எழுத்தை ஏற்றபோது, தம் மொழிக்கு வேண்டாத சில மெய்யெழுத்துகளை உயிரெழுத்துகளாக மாற்றிக்கொண்டனர். கி.மு. எட்டாம் நூற்றாண்டளவில் நிகழ்ந்த இம்மாற்றத்தின் வழிவந்தவையே இன்றைய ஆங்கில ஏ, இ, ஓ ஆகியவை.

நம் ஏடுகளில் நேர்ந்த இடர்

நம் மொழியும் இவ்விடருக்கு முற்றும் தப்பியதன்று. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் கூறுகிறது. ஆயினும் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. அதனால் ஏட்டில் ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்றுபோலத் தோன்றின. நெருப்பா, நீர்நிலையா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கித் தெளிய வேண்டும். ‘கெடு’வும் ‘கேடு’ம் அவ்வாறே. இத்தாலி நாட்டிலிருந்து வந்து தமிழ்த்தொண்டு புரிந்த வீரமாமுனிவர் (1680–1747) குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபட்ட வடிவங்களை வகுத்து இக்குறையைப் போக்கினார். ஏ என்னும் எழுத்தின் காலும், கே என்பதன் சுழித்த கொம்பும் நாள்தோறும் நாம் எழுதுவன. அவற்றின் பின்னே இச்சான்றோரின் உழைப்பு உண்டு.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது, புள்ளியில்லாத இத்தகைய ஏடுகளையே பலவாக ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு சொல்லின் உண்மை வடிவத்தைத் தெளிவதற்கு எத்தனையோ நாள் உழைக்க வேண்டியிருந்தது. எழுதுபவர் விட்டுச் சென்ற ஒரு சிறு புள்ளியின் சுமையைப் பின்வந்த தலைமுறை சுமக்க நேர்ந்தது.

சுருக்கெழுத்தும் தந்தியும்

இனி ஆங்கிலத்திற்கு வருவோம். ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்து, உயிரொலிகளோ இருபதளவு. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் மூன்று நூற்றாண்டுக் காலத்தில் அம்மொழியின் நெட்டுயிர்கள் ஒலி மாறின. எழுத்து மட்டும் பெரும்பாலும் பழைய நிலையிலேயே நின்றுவிட்டது. எனவே ஆங்கில எழுத்தில் உயிர் முன்பே நிலைகுலைந்தது. சொல்லை அடையாளம் காட்டும் பணியை மெய்களே பெரிதும் தாங்கின.

இதனை நன்குணர்ந்தவர் ஐசக் பிட்மன். 1837-இல் அவர் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையில் மெய்களுக்குக் கோடுகள் உண்டு. உயிர்களுக்குச் சிறு புள்ளியும் சிறு கோடும் பக்கத்தில் இடப்படும். விரைந்து எழுதுபவர் அப்புள்ளிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். ஆயினும் பிட்மன் உயிரை முற்றும் கைவிட்டார் அல்லர். மெய்க்கோட்டைத் தாளிலுள்ள வரிக்கு மேலே எழுதுவதா, வரிமீது எழுதுவதா, வரியை ஊடறுத்து எழுதுவதா என்பதைக் கொண்டே சொல்லின் முதல் உயிர் எத்தகையது என அறியும்படி செய்தார். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் பிழைப்பு நாடிச் சென்ற தமிழிளைஞர் பலருக்குச் சோறிட்டது இக்கலைதான். அவர்கள் முழு ஆங்கிலத்தை முதலிற் கற்றுப் பின்னரே சுருக்கம் பயின்றனர் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

அடுத்து வந்தது தந்தி. நம் நாட்டில் 1850-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்திற்கும் இடையே முதல் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. 1854-இல் பொதுமக்களுக்குத் தந்தி திறந்துவிடப்பட்டது. 2013 ஜூலைத் திங்களில் அச்சேவை முடிவுற்றது. தந்திக்குக் கட்டணம் சொற்கணக்கில் வாங்கப்பட்டது. ஆகவே சொல்லுக்குள் உயிரை நீக்குவதால் அனுப்புபவருக்குக் காசு மிச்சமாவதில்லை. மிச்சமானது தந்தியாளரின் நேரமும் கைச்சலிப்பும். ஒருவரோடொருவர் பேசும்போது அவர்கள் ‘மெசேஜ்’ என்பதை எம், எஸ், ஜி என்றும், ‘ரிப்பீட்’ என்பதை ஆர், பி, டி என்றும் தட்டினர். 1879-இல் வால்ட்டர் பிலிப்ஸ் என்னும் அமெரிக்கர் செய்தித் தந்திகளுக்கென ஒரு சுருக்க அகராதியே வெளியிட்டார். இருமுனையிலும் இருந்தவர் அச்சுருக்கங்களை அறிந்தவராதலால் பிழை நேரவில்லை.

நிலையக் குறியெழுத்துகள்

தந்தியின் உடன்பிறப்பாகவே வளர்ந்தது புகைவண்டி. திருச்சிராப்பள்ளி போன்ற நெடும்பெயர்களை ஒவ்வொரு சீட்டிலும், ஒவ்வொரு மூட்டையிலும், ஒவ்வொரு செய்தியிலும் எழுதுவது இயலாது. அதனால் ஒவ்வொரு நிலையத்திற்கும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு எழுத்துவரை கொண்ட குறி அமைந்தது. புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு இக்குறிகள் வாய்ப்பாடு போல மனப்பாடம். திருச்சிராப்பள்ளி சந்திப்பு டி, பி, ஜே. தஞ்சாவூர் டி, ஜே. காட்பாடி கே, பி, டி. சோலையார்பேட்டை ஜே, டி, ஜே. தாம்பரம் டி, பி, எம். மேட்டூர் அணை எம், டி, டி, எம். நமக்கு அண்மையிலுள்ள சாமராசநகர் சி, எம், என், ஆர். இவற்றுள் ஓர் உயிரெழுத்தும் இல்லை. சேலம், ஈரோடு போன்ற சில குறிகளில் மட்டும் ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சென்னை சென்ட்ரல் நிலையத்தின் குறி எம், ஏ, எஸ். அது மெட்ராஸ் என்பதன் சுருக்கம். 1996-இல் நகரின் பெயர் சென்னை என மாறிய பின்னும் குறி மாறவில்லை. பெயர் மறைந்தும் அதன் எலும்பு நிற்கிறது. மைசூரின் நிலைமை வேறு. 2014 நவம்பர் 1-ஆம் நாள் கர்நாடக அரசு பன்னிரண்டு ஊர்களின் ஆங்கிலப் பெயர்களைத் திருத்தியபோது, ‘மைசோர்’ என்பது ‘மைசூரு’ ஆயிற்று. ‘பாங்களூர்’ என்பது ‘பெங்களூரு’ ஆயிற்று. உற்று நோக்குங்கள். இவ்விரு பெயர்களிலும் ஒரு மெய்கூட மாறவில்லை; மாறியவை உயிர்களே. எம், ஒய், எஸ் என்னும் மைசூர்க் குறிக்கு அத்திருத்தம் தெரியவே தெரியாது. ஆனால் அவ்வூர் மக்களுக்கு அதுவே பெரிதாக இருந்தது. தம் வாயில் வழங்கும் ஒலியைத் தம் ஊர்ப்பெயரிற் காண அவர்கள் விரும்பினர். ஊர்ப்பெயரின் எலும்பு மெய்யில் இருக்கிறது. மண்ணின் மக்களுடைய குரலோ உயிரில் இருக்கிறது.

நம் தமிழரும் ஊர்ப்பெயரைச் சுருக்காதவர் அல்லர். தஞ்சாவூரைத் தஞ்சை என்றனர். கோயம்புத்தூரைக் கோவை என்றனர். புதுச்சேரியைப் புதுவை என்றனர். நாகப்பட்டினத்தை நாகை என்றனர். இலக்கணம் இதற்கு மரூஉ எனப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. இச்சுருக்கங்கள் யாவும் ஐ என்னும் உயிரில் முடிகின்றன. மெய்கள் பல உதிர்ந்தும் உயிர் நின்றமையால், மரூஉவை வாயாற் கூறலாம்; பாட்டில் வைத்துப் பாடலாம். டி, ஜே என்பதைப் பாட இயலுமோ? குறியெழுத்து மூட்டைக்கு ஆகும்; மரூஉ மனிதர்க்கு ஆகும்.

கைப்பேசிக் காலம்

1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பெற்றது. ஒரு செய்திக்கு 160 எழுத்துகளே எல்லை. இளைஞர் உயிரெழுத்துகளை நீக்கி இடத்தை மிச்சப்படுத்தினர். தந்தியாளர் கையாண்ட எம், எஸ், ஜி மீண்டும் உயிர்த்தெழுந்தது. தமிழ் எழுத்திற்கோ எல்லை இன்னும் குறுகியது. ஆங்கிலமல்லாத பல எழுத்துமுறைகளுக்கு ஒரு செய்தியில் 70 குறிகளே கிடைத்தன. அதிலும் ‘கொ’ என்பது ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டாகக் கணக்கிடப்பட்டது. போதாக்குறைக்குப் பழைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே இல்லை. எனவே தமிழர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதலாயினர். பின்னர் அதிலும் உயிரை நீக்கினர். இன்று கைப்பேசிகளில் தமிழ் விசைப்பலகை உண்டு. வாயாற் சொன்னால் எழுதித் தரும் வசதியும் உண்டு. காரணம் நீங்கிவிட்டது, பழக்கம் மட்டும் நீங்கவில்லை.

இதனால் வரும் தீங்கு யாது? நம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். ஓர் அன்னையாருக்கு இரு புதல்வர். இளையவர் திருப்பூரில் வேலை செய்கிறார். ஊருக்கு வருவதாகச் சொன்ன அவரை அழைத்துவர மூத்தவர் மேட்டூருக்குச் சென்றிருந்தார். இரவு அன்னையின் கைப்பேசிக்கு மூத்தவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வி, என், டி, டி, என் என்னும் ஐந்தே எழுத்துகள். பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பார்த்து, “அத்தை, தம்பி வந்துட்டான்னு அண்ணன் போட்டிருக்கார், நிம்மதியாகத் தூங்குங்கள்” என்றாள். அன்னையும் இறைவனுக்கு நன்றி கூறிக் கண்ணயர்ந்தார். உண்மையில் மூத்தவர் எழுதக் கருதியது ‘வந்துட்டேன்’ என்பது. தாம் மேட்டூர் சேர்ந்துவிட்டதை அறிவித்தார். இளையவரோ பேருந்தைத் தவறவிட்டுத் திருப்பூரிலேயே நின்றிருந்தார். மறுநாள் இருவரும் நலமாகவே வந்து சேர்ந்தனர். ஆயினும் விடியற்காலையில் உண்மை தெரிந்தபோது அத்தாயுள்ளம் பட்டபாட்டை யான் நேரிற் கண்டேன்.

இப்பிழை அப்பெண்ணுடையதன்று. வந்தேன், வந்தான் என்னும் இரு சொற்களிலும் மெய்கள் ஒன்றே. வந்தவர் யார் என்பதைக் காட்டுவது ஏகார ஆகார உயிர்களே. வருபவன் யானா அவனா என்பதைத் தமிழ் உயிரிற் பொதிந்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதனைக் கூறத் தனிச்சொல் முன்னே நிற்கும். தமிழில் அதற்குத் தனிச்சொல் வேண்டுவதில்லை. ஆதலால் ஆங்கிலம் உயிரை இழந்து பிழைத்துக்கொள்ளும் பல இடங்களில் தமிழ் ஆளையே இழந்துவிடும். பி, டி, டி என எழுதுங்கள். அது பாட்டியா, பெட்டியா, பட்டியா, போட்டியா? பாட்டா, பட்டா? ல, ள, ழ மூன்றும் ஒரே எல் ஆகிவிடுவது தனி வருத்தம். நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்டள்ளி என்பதை ஆங்கில மெய்களால் மட்டும் எழுதினால், பெங்களூரிலுள்ள மாரத்தஹள்ளிக்கும் நமக்கும் இடையே நிற்பது எச் என்னும் எழுத்தொன்றே.

நாம் செய்யத் தக்கது

நாம் வாழும் கொள்ளேகாலம் பகுதி 1956 அக்டோபர் இறுதிவரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. அம்மாநிலம் 1973-இல் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. 1997-இல் சாமராசநகர் மாவட்டம் பிரிந்தது. இம்மாற்றங்களினூடே நம் இல்லத்தில் தமிழ் பேச்சாக நின்றிருக்கிறது. எழுத்தாக நிற்பது நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் கற்கின்றனர். அது வேண்டுவதே, வாழும் மண்ணின் மொழியைக் கற்பது கடமை. ஆனால் தமிழை எழுத நேரும்போது அவர்கள் கையாள்வது அயலெழுத்து; அதுவும் உயிரற்ற எழுத்து.

சுருக்கத்தின் வரலாறு நமக்குப் புகட்டும் பாடம் ஒன்றுண்டு. எபிரேயர்க்கும், சுருக்கெழுத்தாளர்க்கும், தந்தியாளர்க்கும், புகைவண்டி எழுத்தர்க்கும் சுருக்கம் பயன்பட்டது. முழுச்சொல் அவர்கள் நெஞ்சில் இருந்தமையாலன்றோ? முழுச்சொல்லை அறிந்தவனுக்குச் சுருக்கம் ஒரு வசதி. அறியாதவனுக்கு அதுவே முழுமையாகிவிடும். தன் பாட்டியின் பெயரை மூன்று மெய்களாக மட்டும் அறிந்த பிள்ளை, நாளை அப்பெயரை எந்த உயிர் கொண்டு அழைப்பான்? நான்கெழுத்தில் நின்றுவிட்ட அத்திருப்பெயரின் கதை நமக்கும் நேர வேண்டா.

இதற்கு மருந்து அரிதன்று. கன்னடப் பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகள் ‘காகுணித’ என்னும் பெயரால் உயிர்மெய் வரிசையை முன்பே ஓதியவர்கள். கன்னடமும் தமிழும் பிராமி என்னும் ஒரே தொல்லெழுத்தின் வழிவந்தவை. உயிர் மெய்யோடு கூடும் முறை இரண்டிலும் ஒன்றே. வடிவம் மட்டும் பயின்றால் போதும். நாளொன்றுக்கு அரைமணி நேரம் பெற்றோர் உடனிருந்தால், ஒரு கோடை விடுமுறைக்குள் 247 எழுத்துகளும் கைவரும். நம் சங்கம் ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு நடத்த முன்வருமாயின், கற்பிக்க யானும் ஒருவனாக வருவேன்.

எங்கள் அலுவலகத்தில் மூட்டைகள் உயிரற்ற எழுத்தோடு போகட்டும்; தக்க ஊரை அவை சென்றடையும். தாய்க்குப் பிள்ளை எழுதும் சொல் மட்டும் உயிரோடு செல்லட்டும்.